ஒஸ்லோவில் ஒஸ்டியோபத் தேடிய மாசி மாதம்

என் முதுகு பிடித்துக்கொண்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால். பலகையில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். பேனை கைநழுவி விழுந்தது. குனிந்தேன், நிமிர முடியவில்லை. இடுப்பில் யாரோ சூட்டுக்கோலை வைத்து இடது கால்வரை இழுத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியை பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். பிறகு முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து வந்து, தன் கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நான் வாசுகி. ஒஸ்லோவில் ரொம்சோஸ் குடியிருப்பில் இருக்கிறேன், அருகில் உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். அப்பா நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்ற காலத்தில், எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். நோர்வேஜிய மொழி எனக்குத் தமிழளவுக்கு வரும், சில இடங்களில் தமிழைவிட நன்றாக வரும். பாஷை விளங்காமல்தான் இவளுக்கு இவ்வளவும் நடந்தது என்று பிறகு சிலர் கதைத்தார்கள். அது பொய். அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் குடும்ப வைத்தியர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய அறைக்குள் போய் உட்கார்ந்தால், அவரை யாரோ பின்னால் நின்று துரத்துவது போலவே இருக்கும். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். 'இஷியாஸ்' என்றார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு நெரிபடுவதால் வரும் வலி அது. அநேகமாகத் தானாகவே மாறிவிடும், படுத்துக் கிடக்கக்கூடாது, நடக்கவேண்டும், வலிக்குக் குளிசை போடலாம். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ உடனே வரவேண்டும் என்றும் அதே மூச்சில் சொன்னார். விமானம் கிளம்பும்போது உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதுபோல நானும் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

நடக்கச் சொன்னார், நடந்தேன். மாசி மாதம் ரொம்சோஸ் நடைபாதைகள் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். நல்ல முதுகு உள்ளவர்களே அங்கே வாத்து நடை நடப்பார்கள். என் கணவர் சிவநேசன் மின்சார வேலை செய்கிறவர். காலையில் இருட்டோடு வேலைக்குக் கிளம்பும் முன் என்னைக் கட்டிலின் ஓரத்தில் இருத்தி, கம்பளிச் சொக்ஸ் போட்டுவிட்டு, வழுக்காமல் இருக்கச் சப்பாத்தில் ஆணிப்பட்டி கட்டிவிட்டுப் போவார். அவர் போனபிறகு, நான் மூச்சை அடக்கியபடி, கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை. திரும்பி வந்து தரையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து ஏசுவேன். வைத்தியர் கேட்டிருந்த எம்.ஆர்.ஐ. படம் எடுக்க என் முறை உயிர்த்த ஞாயிறு விடுமுறை முடிந்துதான் என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. வலி மட்டும் முறை பார்த்து வரவில்லை.

வலி இரண்டாம் கிழமையைத் தாண்டியதும் ஆலோசனைகள் தொடங்கின. கனடாவில் இருக்கும் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பார்.

"குளிருக்கை திரிஞ்சதுதான் வாசுகி. நல்லெண்ணெயைச் சூடாக்கி உருவிவிடச் சொல்லு. அவன் சும்மா தானே நிக்கிறான்."

அவர் சும்மா நிற்கவில்லை. ஆனால் மச்சாளுக்கு யார் சொல்வது?

என் தம்பி ரமணன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன்தான் அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன்.

"அக்கா, எனக்கும் இப்பிடித்தான் வந்தது. நான் ஒரு ஒஸ்டியோபதிக் டொக்டரிட்டைப் போனனான். ரெண்டு மூண்டு தரம் கையாலை பாத்துவிட்டார், மாறிட்டுது. உங்கட ஏரியாவிலை ஒராளைத் தேடிப் பிடியுங்கோ."

"அது என்ன டொக்டரடா?"

"டொக்டர்தான் அக்கா. மருந்தும் எழுதுவார், கையாலையும் செய்வார்."

மருந்தும் கையும் சேர்ந்து ஒரே ஆளிடம்! அன்று எனக்கு அது கடவுள் பெயரைப் போலக் கேட்டது. மகள் மிதிலாவைக் கூப்பிட்டு, எங்கள் பக்கத்தில் ஒரு ஒஸ்டியோபதிக் டொக்டரைத் தேடச் சொன்னேன். அவள் மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். தரையில் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கைப்பேசியை நோண்டினாள்.

"அம்மா, மாமா சொல்லுறது அமெரிக்காவிலை. அங்கை அவை முழு டொக்டர். இஞ்சை ஒஸ்டியோபத் எண்டால் லேகெ இல்லை."

லேகெ என்றால் வைத்தியர்.

"அப்ப ஆர்?"

"ஹெல்செபெர்சொனெல், சுகாதாரத் துறை ஆக்கள்தான், சும்மா ஆக்கள் இல்லை. படிச்சு அனுமதி எடுத்தவை. மூட்டு, தசை எல்லாம் கையாலை பாப்பினம். ஆனா மருந்து எழுத ஏலாது."

"அப்ப கிரோபிராக்டர் ஆர்? நாப்ரபாத் ஆர்? மனுவெல்தெரபெவுட் எண்டு ஒராள் இருக்கே, அவர் ஆர்? எல்லாரும் கையாலைதானே பாக்கினம்?"

"அம்மா, நான் ரெயால்ஃபாக் படிக்கிறன், இதில்லை."

ரெயால்ஃபாக் என்றால் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான, கணிதப் பாடங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது; சிரித்ததும் முதுகில் வெட்டியது. அதற்காக அவளையும் ஏசினேன்.

மேல்மாடியில் குடியிருக்கும் கவிதா மென்பொருள் வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருந்து வந்தவர். கிண்ணத்தில் பருப்பு கொண்டுவந்தவர் நாங்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்க்கா, எலும்புன்னா ஆர்த்தோ டாக்டரைத்தானே பாக்கணும்? எங்க ஊர்ல நேரா போய் உக்காந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுவாங்க."

"இஞ்சை நேரை போய் இருக்க ஏலாது கவிதா."

"அதான் கேக்கறேன். ஏன் முடியாது?"

இந்த நாட்டில் நாற்பது வருடம் வாழ்ந்துவிட்டேன். குடும்ப வைத்தியர் கடிதம் தந்தால்தான் என்ற விதியை நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

தேடல் தொடர்ந்தது. வரைபடத்தில் எங்களுக்கு ஆகக் கிட்ட இருந்த ஒஸ்டியோபத் பெண்மணி, எங்கள் அழைப்பை உடனே எடுத்தார். வெகு அன்பாகப் பேசினார். எத்தனை வயது என்று கேட்டார். நாற்பத்தெட்டு என்று மிதிலா சொன்னதும், அவ்வளவு வயதுக் குதிரையா என்று கேட்டார். அவர் குதிரைகளுக்கு மட்டும்தான் வைத்தியம் பார்க்கிறவராம். இரண்டாமவர் வயிற்று வலியில் அழும் கைக்குழந்தைகளைப் பார்க்கிறவர். மூன்றாவது இடத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நான்காவது முகவரிக்குக் கணவர் வேலை முடிந்து நேரே போய்ப் பார்த்தார். அங்கே இப்போது யோகா வகுப்பு நடக்கிறது. ஐந்தாவது ஆள் ஒஸ்டியோபத்தே இல்லை, கழுத்தைத் திருகிச் சத்தம் வரவைத்து, அதற்குப் பாட்டுப் போட்டுக் காணொளி ஏற்றுகிறவர். அதைப் பார்த்த கணவர், "உவன்ரை கையிலை உம்மைக் குடுக்கமாட்டன்" என்றார்.

இந்த அலைச்சலுக்கு நடுவே இன்னொன்றும் தொடங்கியிருந்தது. கழிவறைக்குப் போனால் வெகுநேரம் இருக்கவேண்டி வந்தது. போகவேண்டும் என்ற உணர்வே குறைந்துவிட்டது. போனாலும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குடும்ப வைத்தியர் இரண்டாம் முறை எழுதித் தந்த பலமான வலிக்குளிசை அப்படிச் செய்யும் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொடையின் உட்பக்கமும் இருக்கை படும் இடமும் மரத்துப்போயிருந்தன. சூட்டுப் பையை அளவுக்கு மீறி வைத்துவிட்டேன் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கணவரிடம் கால்வலியைச் சொல்லலாம். இதை எங்கே தொடங்குவது? வகுப்பில் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் எதையும் கூசாமல் கதைக்கிறவள், வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் ஒருவர் கிடைத்தார். யாரோ வராமல் விட்ட முறை, மறுநாள் பின்னேரம். கணவருக்கு வேலையை விட்டு வர வழியில்லை. கவிதா வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள் என்பதால், காரின் பின் இருக்கையில் என்னைச் சரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்.

கடைத்தொகுதிக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடியில் ஒரு சிறிய அறை. பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று கொக்கியில் தொங்கியது. ஒஸ்டியோபத்தின் பெயர் இங்ரிட். என் வயதில் பாதி இருக்கும். வடக்கு நோர்வேப் பேச்சு. உட்கார முடியாமல் நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். எப்போது தொடங்கியது, எந்தக் கால், இருமினால் வலிக்குமா, நித்திரை எப்படி. கேட்டுக்கொண்டே போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் வந்தது கைகளுக்காக, நேர்முகப் பரீட்சைக்காக அல்ல.

"இதெல்லாம் என் வைத்தியரிடம் இருக்கிறது. முதுகைப் பார்க்கமாட்டீர்களா?" என்றேன்.

"பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும்" என்றார். குரல் மாறவேயில்லை. "கழிவறைக்குப் போனபிறகு துடைக்கும்போது, கடதாசி படுவது உங்களுக்குத் தெரிகிறதா?"

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். தெரிவதில்லை. எத்தனையோ நாளாகத் தெரிவதில்லை. அதை இவ்வளவு நேராக ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுப் பார்த்ததில்லை.

"இல்லை" என்றேன்.

"சிறுநீர்?"

அதையும் சொன்னேன். சொல்லும்போது என் காது சுட்டது. அவர் என் பாதங்களை மட்டும் மெல்லத் தொட்டு, விரல்களை மேலே தள்ளச் சொல்லிப் பார்த்தார். இடது பெருவிரல் சொன்னபடி கேட்கவில்லை. எழுந்து கையைக் கழுவினார்.

"நான் உங்கள் முதுகில் கை வைக்கப் போவதில்லை. நீங்கள் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நான் அழைத்துச் சொல்கிறேன்."

நம்பமாட்டீர்கள், நான் சண்டை பிடித்தேன். உங்களைத் தேடி நாங்கள் பட்ட பாடு தெரியுமா என்று கேட்டேன். குதிரைக்காரி முதல் யோகா வகுப்புவரை எல்லாம் சொன்னேன். அவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கதிரையில் கிடந்த என் மேலங்கியை எடுத்து, கையை நுழைக்க வாகாகப் பிடித்தார்.

காரில் கவிதா கேட்டார். "என்னக்கா, ஒண்ணுமே பண்ணலையா?"

காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு, தமிழில் முதல்முறையாக அதைச் சொன்னேன்.

"ஐயோ அக்கா! இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். அதற்குப் பிறகு வழி முழுக்க வேகத்தடைகளைத்தான் திட்டினார்.

அவசரப் பிரிவிலும் காத்திருப்புத்தான். ஒஸ்டியோபத் அழைத்துச் சொல்லியிருந்தும், மேசையில் இருந்தவர் முதலில் உட்காரச் சொன்னார். உட்கார முடிந்தால் நான் ஏன் அங்கே வருகிறேன்? நான் சுவரோடு சாய்ந்து நிற்க, கவிதா போய்ப் போய் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மற்ற நாட்களில் அவர் அப்படிச் செய்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அன்று, இன்னொருமுறை போய்க் கேளுங்கோ என்று நானே சொன்னேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தாதி வந்து அடிவயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, சிறிய கருவியை வைத்தார். சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் ஸ்கேன் அது. ஒரு லீற்றருக்குக் கிட்ட நின்றது. முட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்றுமே தெரியவில்லை. குழாய் போட்டு எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. படக் குழலுக்குள், தகரத்தில் ஆணி அடிப்பதுபோன்ற சத்தத்துக்கு நடுவே, முதல்முறையாகப் பயந்தேன். அதுவரை எரிச்சல்தான் இருந்தது. எரிச்சல் இருக்கும்வரை பயத்துக்கு இடம் இருக்கவில்லை என்று அங்கே கிடந்தபோது விளங்கியது.

சத்திரசிகிச்சை வைத்தியர் படத்தைத் திருப்பிக் காட்டினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டின், அதாவது டிஸ்க்கின், ஒரு துண்டு பிதுங்கி, உள்ளே போகும் நரம்புக் கற்றையை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கற்றையில் இருந்துதான் கால்களுக்கும், சிறுநீர்ப்பைக்கும், மலவாசலுக்கும் நரம்புகள் பிரிகின்றன. பார்க்க அது குதிரை வால் மாதிரி இருக்குமாம், பெயரும் அதுதான் என்றார். குதிரைக்காரியைக் கூப்பிட்டது அவ்வளவு பிழையில்லைப் போல என்று கவிதாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். இன்றே வெட்டவேண்டும் என்றார் வைத்தியர். விட்டால் சிறுநீரும் மலமும் ஒருபோதும் என் கட்டுப்பாட்டுக்குள் வராமல் போகலாம். வெட்டினாலும் எல்லாம் திரும்பும் என்று வாக்குத் தரமுடியாது.

கணவர் வேலை உடுப்போடு ஓடிவந்தார். காற்சட்டைப் பையில் இன்னும் திருப்புளி இருந்தது. கவிதா வெளியே போனதும் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் சொக்ஸ் போட்டுவிட்டனான். இதை எனக்குச் சொல்ல ஏலாமல் போட்டுதோ உமக்கு?"

"என்னெண்டு சொல்லுறது?"

"எனக்குச் சலம் போகேல்லை எண்டு சொல்லுறது! வேறை என்னெண்டு சொல்லுறது?"

சத்தம் போட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பி, சுவரில் இருந்த மின்சார ஆளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைச் சத்திரசிகிச்சை அறைக்கு உருட்டிக்கொண்டு போகும்போதுதான் வந்து கையைப் பிடித்தார்.

கண்விழித்தபோது கால்வலி இல்லை. ஒட்டுமொத்தமாக இல்லை, யாரோ விளக்கை அணைத்த மாதிரி. ஆனால் மரத்த இடம் மரத்தபடியேதான் இருந்தது. காலையில் வைத்தியர் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கேட்பார்: இங்கே குத்துகிறதா, மழுங்கலாகத் தெரிகிறதா? பரீட்சையில் சித்தியடைய ஆசைப்பட்டு, தெரியாத இடத்தையும் தெரிகிறது என்று சொல்லப்பார்த்தேன். "ஊகிக்காதீர்கள்" என்றார். என் மாணவர்களுக்கு நான் சொல்கிற அதே குரல்.

குழாயைக் கழற்றினார்கள். எட்டுமணிநேரம் முயன்றும் ஒரு சொட்டு வரவில்லை. திரும்பவும் குழாய். வீட்டுக்குப் போனபின் நானே எப்படிக் குழாய் போட்டு எடுப்பது என்று ஒரு தாதி பொறுமையாகக் காட்டித்தந்தார். கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் அழுததற்குக் காரணம் வலியல்ல, கோபம். இந்த உடம்பு என்னுடையது, ஆனால் ஒரு வாசல் பூட்டிக்கிடக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'டிஸ்க்' என்ற ஒரு சொல்லோடு திருப்தியடைந்தார்கள். தங்கள் டிஸ்க் கதைகளைச் சொன்னார்கள். ஒருவர் சத்திரசிகிச்சைக்கு அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னார். கணவர் எழுந்துநின்று, மிக மரியாதையாக, அவருக்கு மின்தூக்கி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்தார். மிதிலா பள்ளிக்கூடம் முடிந்து வந்து, கட்டிலின் தலைப்பக்கம் பாத்திரத்தை வைத்து எனக்குத் தலை முழுகவார்த்தாள். சவர்க்கார நுரையைக் காதில் இருந்து துடைக்கும்போது, "அம்மா, இனிமேல் எனக்கு எல்லாம் சொல்லோணும், சரியோ?" என்று கேட்டாள். கவிதாவின் ரசம் ஒவ்வொரு நாளும் குடுவையில் வந்தது.

இப்போது நான் பள்ளிக்கூடம் போகிறேன். இடது பாதத்தின் ஓரமும் தொடையின் உட்பக்கத்தில் ஒரு கீற்றும் இன்னும் மரத்தே இருக்கின்றன. திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். இங்ரிட்டிடம் மாதம் ஒருமுறை போகிறேன். இப்போது கை வைக்கிறார். நல்ல கைதான். உங்கள் பக்கத்தில் ஒரு ஒஸ்டியோபத்தையோ வைத்தியரையோ தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: யாரிடம் வேண்டுமானாலும் போங்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே மரத்தாலோ சிறுநீர் போவதில் தடை வந்தாலோ அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள், முறை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முதல்நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். குழாயை இன்னொருமுறை கழற்றிப் பார்த்தார்கள். நான் கழிவறைக்குள் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பகா எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே கணவர் நடக்கும் சத்தம். எந்த எண்ணில் என்று ஞாபகமில்லை, சத்தம்தான் முதலில் கேட்டது. உணர்வு பிறகுதான் வந்தது, வெகு தூரத்தில் இருந்து வருவதுபோல, மெல்லிய சூடாக. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தாதி வந்து ஸ்கேன் வைத்துப் பார்த்து, பெருவிரலை உயர்த்தினார். கிட்டத்தட்ட வெறும் பை.

கணவர் அதற்குள் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்று கனடாவுக்கு எடுத்துவிட்டார். கதவு திறந்திருந்தது. அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கா... போயிட்டுது அக்கா... இப்பத்தான் போயிட்டுது..."

அழுதுவிட்டார். அந்தப் பக்கத்தில் இருந்து மச்சாளின் ஓலம் கைப்பேசியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஐயோ! என்ரை வாசுகி! ஐயோ, பிள்ளை தனிச்சுப் போச்சே!"

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, கையை நீட்டி அந்தக் கைப்பேசியைப் பறித்தேன்.

"மச்சாள்! நான் இருக்கிறன்! மூத்திரந்தான் போனது! மூத்திரம், மச்சாள், மூத்திரம்!"

யாரையோ பார்க்க வந்திருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, பூங்கொத்தும் கையுமாக, நடைக்கூடத்தின் நடுவில் அப்படியே நின்றது. நான் ஆஸ்பத்திரிச் சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு வணக்கம் சொன்னேன்.